கட்டைவிரல் நகத்தளவு மலை

எங்கள் ஊரில் சூரியன் ஒரு பக்கம், மலை இன்னொரு பக்கம். சூரியன் பல்லடத்துத் திசையிலிருந்து, தறிக்கூடங்களையும் கோழிப்பண்ணைகளையும் தாண்டி வருகிறது. மலைகள் அதற்கு நேர் எதிரே, மேற்கில், கேரளத்துக்கும் நமக்கும் நடுவே மதில் கட்டினாற்போல நிற்கின்றன. ஆகவே கோயமுத்தூரில் விடிகாலை மலையைப் படமெடுக்க விரும்புகிறவர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும் இந்த விஷயம் எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

நாற்பத்தெட்டாவது வயதில் மருத்துவர் என்னைத் தினமும் காலையில் நடக்கச் சொன்னார். நான் கேமரா வாங்கினேன். பீளமேட்டில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடிக்கு லிஃப்ட் போகும் என்பது இந்த முடிவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஐந்தரை மணிக்கு மேலே போய் முக்காலியை விரித்து, கிழக்கே பார்த்து நிற்பேன். மலை மேற்கே இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் சூரியோதயப் படம் என்றால் சூரியனைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? சூரியன் வரும். எடுப்பேன். என் படங்களில் சூரியன் இருந்தது. அதன் கீழே செல்போன் கோபுரம், அதன் கீழே மூடிக் கிடக்கும் மில்லின் புகைபோக்கி, எல்லாவற்றுக்கும் கீழே பேருந்து நிறுத்தத்தில் கொட்டாவி விடும் கல்லூரிப் பிள்ளைகள். எல்லாம் எடுத்து முடித்து, ‘சரி, இனி மலை’ என்று திரும்பினால் மலை வெளுத்துப்போய், பலமுறை துவைத்த வேட்டி மாதிரி வானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட வருகிறவர்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. மலையைத்தானுங்களே எடுக்கோணும்னு நிக்கறீங்க?”

“ஆமாங்க.”

“பொழுது கெளம்பற நேரத்துக்கு இக்கட்டால, மேக்கால திரும்பிப் பாத்தீங்கன்னா, மலை செவசெவன்னு இருக்குமுங்க. அஞ்சு நிமிசந்தான். நீங்க அக்கட்டாலயே பாத்துட்டு நிக்கறீங்க.”

“ஏனுங்க, எட்டு மாசமா தெனமும் பாத்துட்டுப் போறீங்களே, ஒருக்காச் சொல்லியிருக்கலாமுல்லீங்க?”

“படிச்சவங்க, எதாச்சும் யோசிச்சுத்தான் எடுப்பீங்கன்னு உட்டுட்டனுங்க.”

இதுதான் எங்கள் ஊர். ஒருவர் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தாலும் ‘புதுச் சட்டைங்களா? நல்லா இருக்குதுங்க’ என்பார்களே தவிர, தப்பு என்று சொல்லி மனதை நோகடிக்க மாட்டார்கள். இந்தப் பண்பாட்டைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எவ்வளவோ புகழ்ந்து பேசுகிறார்கள். அதற்குள்ளேயே வாழ்கிறவனின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது.

திசை தெரிந்த பிறகு ஆசை பெரிதாகிவிட்டது. தூரத்துப் பொருளைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீளமான லென்ஸ் ஒன்றை, ஒருவர் பயன்படுத்தி அலுத்துப்போனதை, வாங்கினேன். என் மனைவி அதை முதல்முறை பார்த்தபோது, “இதென்னுங்க, பம்புசெட்டுக் கொழாயா?” என்று கேட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அதற்குக் குழாய் என்றே பெயர்.

குழாயின் அருமையை நான் கண்டுபிடித்தது ஒரு கார்த்திகை மாதக் காலையில். எங்கள் அடுக்ககத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி நண்பர் ஒருவருக்கு மோட்டார் பம்பு செய்யும் பட்டறை இருக்கிறது. முந்தைய நாள் பெய்த மழையில் காற்று கழுவிவிட்டாற்போல இருந்தது. அவருடைய பட்டறைக் கூரை மேல் ஏறி, மேற்கே பார்த்துக் குழாயைத் திருப்பினேன். மலை ஒன்று சிவந்து நின்றது. அதன் காலடியில் எங்கள் நாலு மாடிக் கட்டடம் தீப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் கட்டடம் சிறுத்துவிடும். இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலை, நாம் ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்ததைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. இரண்டையும் சேர்த்து இழுத்துக் காட்டினால், எங்கள் வீட்டுப் பின்சுவரில் மலை சாய்ந்துகொண்டு நிற்பதாகவே தோன்றும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கட்டடம், ஏதோ வேலையாகப் பீளமேட்டுக்கு வந்தாற்போல இருந்தது.

அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டேன். கீழே ஒரு வரி எழுத வேண்டுமே. அந்த வரிசையில் எனக்கு நிச்சயமாக அடையாளம் தெரிந்தது மருதமலை ஒன்றுதான். படத்தில் இருந்தது மருதமலை இல்லை என்பதும் நிச்சயம். ஆகவே ‘நம் வீட்டு வாசலில் வெள்ளியங்கிரி’ என்று எழுதினேன். பெரிய மலைக்குப் பெரிய பெயர். நாற்பது வீட்டுக்காரர்களும் ‘அருமைங்க’ என்று எழுதினார்கள். ஒருவர் கும்பிடும் கைகளை ஆறுமுறை போட்டிருந்தார். ‘அது வெள்ளியங்கிரியா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கலைஞனாக நான் இருந்த காலம் அடுத்த பத்து நாட்கள்தான்.

பத்தாவது நாள் எங்களுக்கு நேர் மேலே, நாலாவது மாடியில் குடியிருக்கும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவார்; கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு அச்சுமுறுக்கு அனுப்புவார்; வருடம் முழுக்க, அடுக்ககக் கூட்டத்தில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அங்கேயே திருத்துவார். ஊர்ப் பண்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கு அவர்.

அவருக்கு ஒரு அக்கா. திண்டுக்கல்லில் தனியாக, மாடி வீட்டில் இருந்தார். ஐப்பசியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனி படி ஏறக் கூடாது. தங்கையும் அக்காவும் சேர்ந்து இருக்க, அங்கே மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு தரைத்தள வீட்டை டீச்சர் பேசி வைத்திருந்தார். இங்கே இந்த வீடு விற்றால்தான் அங்கே அந்த வீடு. கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுவரைக்கும் அந்த அம்மா ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

வீடோ விற்கிற வழியாக இல்லை. ஏழு பேர் வந்து பார்த்தார்கள். ஏழு பேரும் கையில் திசைகாட்டியோடு வந்து, அடுப்பு வாஸ்துக்கு ஆகாத தென்மேற்கு மூலையில் இருப்பதைக் கண்டு, காபியைக் குடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றமுங்க” என்று போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம்.

“ஏழு பேரும் இன்னும் யோசிச்சுட்டே இருக்கறாங்க தம்பி,” என்றார் டீச்சர். “எங்கிட்டப் படிச்ச பசங்க இதுல பாதி யோசிச்சிருந்தாப் போதும், எனக்குத் தொண்டைத் தண்ணி வத்தியிருக்காது. அந்தப் போட்டோவக் கொஞ்சம் கொடுங்க. புரோக்கர்கிட்டக் கொடுத்து விளம்பரத்துல போடச் சொல்றேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இது நம்ம வீடுதானா?” என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். “பதினாறு வருசமா இருக்கேன். இத்தனாம்பெரிய மலைய நான் பாத்ததில்லையே.”

“நீங்க பால்கனிப் பக்கம் வர்றதே கெடையாதுங்களே டீச்சர். மேக்கு வெயிலுன்னு தட்டி போட்டு மூடி வெச்சிருக்கறீங்க.”

அது உண்மைதான். அவரும் ஒத்துக்கொண்டார். மலையைக் கவனிக்காமல் விட்டது தன் தப்பு என்றே நினைத்துவிட்டார்.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள் போன் வந்தது. பல்லடத்துக்கு அப்பால் கோழிப்பண்ணை வைத்திருந்து, இப்போது மூத்த மகனிடம் அதை ஒப்படைத்துவிட்ட ஒரு பெரியவர். இளையவன் பீளமேட்டில் ஐ.டி. வேலையில் இருப்பதால் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார். ஆனால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். இருபத்திமூன்று வருடம், ஒரு வருடம் விடாமல், மூங்கில் தடியை ஊன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி வந்தவர். போன வருடம் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை. இனி முதல் மலையின் முதல் படிக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தான் முடியாது, தினமும் எழுந்ததும், சிவன் இருக்கும் ஏழாவது மலையைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு வீடு கிடைத்தால் போதும். அடுப்பு எந்த மூலையில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே வந்து பார்ப்பதாகவும், மலை தெரிந்தால் அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்றும் சொன்னாராம்.

டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, “பாத்தீங்களா, உங்க போட்டோ வேலை செய்யுது” என்றார். படம் எடுத்தது அவர் பால்கனியிலிருந்து அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவருடைய பால்கனித் தட்டியைச் சுருட்டச் சொல்லி, நின்று பார்த்தேன். மலைகள் இருந்தன. கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடினேன். என் படத்து மலை கட்டைவிரல் நகத்துக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொண்டது. நகத்தில் கொஞ்சம் மிச்சம் வேறு இருந்தது.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன்.

“ஏமாத்திப் போட்டீங்கன்னு சொல்லுங்க.”

“ஏமாத்தல, அம்மணி. லென்ஸோட தன்மை.”

“அத அவருகிட்டச் சொல்லுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, ரெண்டு முட்டியும் ஆப்பரேசன் பண்ணுனவரு. உங்களத் தொரத்தமாட்டாரு.”

டீச்சரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு தாளில் கட்டடம், மலை, பட்டறை மூன்றையும் வரைந்து விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார்.

“வீட்ட விட்டு நூறு மடங்கு தூரம் தள்ளிப் போயிட்டே. மலைக்கு ஒண்ணும் ஆகல. விகிதம் மாறிப்போச்சு. ஏழாம் வகுப்பு.” கோபம் வந்தால் டீச்சர் ‘ங்க’வை எடுத்துவிடுவார். “தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“அழகுக்காகச் செஞ்சனுங்க டீச்சர். வீடு விக்கறதுக்குச் செய்யலீங்க.”

“அந்த மனுசன் ரெண்டு காலும் ஆப்பரேசன் பண்ணிட்டு அத்தனை தூரம் வர்றாரு. எனக்கு வீடு விக்கோணும். அதுக்காக ஒருத்தர ஏமாத்தி விக்கற வேலை எனக்கு வேண்டாம். இப்பவே போன் போட்டு, மலை இத்துனூண்டுதான் தெரியும்னு சொல்லு. வர்றதும் வராததும் அவரு பாடு.”

அவர் எதிரிலேயே போன் போட்டேன். எதிர்முனையில் கோழிகளின் சத்தத்துக்கு நடுவே கம்பீரமான குரல்.

“வணக்கமுங்க. நான் மூணாவது மாடிங்க. அந்தப் போட்டோ எடுத்தவனுங்க.”

“அட, நீங்களுங்களா! வணக்கமுங்க, வணக்கமுங்க. போட்டோ ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

“சௌக்கியமுங்க. உங்களுக்கு முட்டி எப்படி இருக்குதுங்க?”

“பரவால்லீங்க. சமதரையில நடக்கறனுங்க. உங்க பக்கம் மழைங்களா?”

“பேஞ்சுதுங்க. அங்கீங்க?”

“இங்க தூத்தல்தானுங்க. உங்களுக்கு எந்தூருங்க?”

“பீளமேடேதானுங்க. அம்மாவுக்குச் சென்னிமலைங்க.”

“சென்னிமலைங்களா! எங்க சின்னம்மா ஊடு சென்னிமலைலதானுங்க இருக்குது. மலையடிவாரத்துலீங்க. அப்ப நம்மூட்டுக்காரரு!”

அந்தச் சின்னம்மாவின் நலத்தை நான் விசாரிக்காமல் எப்படி இருப்பது? விசாரித்தேன். டீச்சர் எதிரே நின்று ‘சொல்லு, சொல்லு’ என்று வாயசைத்தார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நான், “அப்பறமுங்க, அந்தப் போட்டோவுல மலை கொஞ்சம் பெருசாத் தெரியுமுங்க” என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

“மலைன்னாப் பெருசாத்தானுங்களே இருக்கோணும்,” என்றார் அவர் சிரித்தபடி. “மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கலாமுங்க. வெச்சர்றனுங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “பதினோரு நிமிசம். அதுல உருப்படியா நீ சொன்ன நெசம், உங்கம்மாவோட ஊரு ஒண்ணுதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கார் வந்தது. ஓட்டி வந்தது பெரியவரின் மனைவி. அறுபது வயதிருக்கும். இறங்கியதும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் பின்பக்கம் திறந்து, முப்பது முட்டை அடங்கிய அட்டையையும் நாலு தேங்காயையும் எடுத்து என் கையில் கொடுத்தார். “வெறுங்கையோட எப்படீங்க வர்றது,” என்றார். எந்த நேரமும் பிடிபடக் காத்திருக்கும் குற்றவாளியின் கையில் முப்பது முட்டையைக் கொடுத்தால் அவன் எப்படி நிற்பான்? அப்படி நின்றேன். கழுத்தில் கேமரா வேறு. அதை ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பெரியவர் உயரமானவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. லிஃப்டிலிருந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரில் மாதா படத்தைக் கண்டதும் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தார். டீச்சர் பால்கனியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். மேற்கே பார்த்தால் ஒன்றுமே இல்லை. பால் கொட்டினாற்போல மூடுபனி. பக்கத்துத் தெருவின் தென்னை மரங்களே பாதிதான் தெரிந்தன.

“மசங்கலா இருக்குதுங்க. விலகிருமுங்க,” என்றார் பெரியவர். எனக்கு ஒரு அற்ப ஆசை வந்தது: இந்தப் பனி இன்று முழுக்க விலகாமலே இருந்துவிட்டால்?

காபி வந்தது. பெரியவரின் மனைவி டீச்சரிடம் அக்காவின் இடுப்பைப் பற்றிக் கேட்டார். டீச்சர் சொன்னார். அடுத்தவர் வீட்டு முன்னறையில் அக்கா படுத்திருப்பதையும், நேற்றுப் போனில் “நீ எப்படி வருவே, எனக்குத் தெரியாதா, வீடு விக்காம எப்படி வருவே” என்று அவரே தங்கைக்குச் சமாதானம் சொன்னதையும் சொன்னார். சொல்லும்போது குரல் மாறவில்லை. காபித் தம்ளரை மட்டும் ஒருமுறை தேவையில்லாமல் துடைத்தார்.

ஆறரை சுமாருக்கு எங்கள் முதுகுப்பக்கம் வெளிச்சம் வந்தது. பனி மெதுவாக இறங்கத் தொடங்கியது. மேலேயிருந்து கீழே, யாரோ போர்வையை இழுப்பதுபோல. முதலில் உச்சிகள் மட்டும் தெரிந்தன. தரையில்லாமல் மிதந்தன. நிறம் செங்கல் மாதிரி இருந்து, மாதுளை முத்து மாதிரி மாறி, பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒன்றாகியது. வடக்கே நீலகிரியிலிருந்து தெற்கே பாலக்காட்டுப் பக்கம் வரைக்கும் ஒரே கோடு. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு காலையை நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா போனில் இருந்த படத்தையும் எதிரே இருந்த மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ஏனுங், இதுல ஆனையாட்ட இருந்துச்சு. இங்க ஆட்டுக்குட்டியாட்ட இருக்குது.”

இனி தப்பிக்க முடியாது. “என் தப்புதானுங்க,” என்று ஆரம்பித்து, லென்ஸ், பட்டறைக் கூரை, விகிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது தெரியுமுங்க,” என்றார்.

“தெரியுமுங்களா?”

“எம் பேரன் செல்போன்லயே அப்படித்தானுங்க எடுக்கறான். அதுவுமில்லாம, அது வெள்ளிங்கிரியே இல்லீங்களே. மருதமலைக்குப் பொறத்தால இருக்கற மேடுங்க அது. போட்டோவப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சுதுங்க.”

டீச்சர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வகுப்பறையின் பின்வரிசை பெஞ்சுகள் எல்லாம் எனக்குத் தெரிந்தன.

“போன்லயே சொல்லியிருக்கலாமுல்லீங்க?”

“ஆசையாப் பேரு போட்டிருந்தீங்க. எதுக்குங்க மனசு நோகணும்னு உட்டுட்டனுங்க.”

“அப்பறம் எதுக்குங்க இத்தனை தூரம் வந்தீங்க?”

அவர் கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, படத்து மலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “இந்த மேடு இங்க தெரியுதுன்னா, ஒரு முஷ்டிக்கு இடதுபக்கம் வெள்ளிங்கிரி தெரிஞ்சே ஆகோணுமுங்க. அதப் பாக்கத்தான் வந்தனுங்க.”

நாங்கள் நாலு பேரும் ஒரு முஷ்டிக்கு இடதுபக்கம் பார்த்தோம். அங்கே பக்கத்து அடுக்ககத்தின் லிஃப்ட் அறை இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, ஏழாவது மலைக்கு நேராக, அளவெடுத்துக் கட்டினாற்போல நின்றது.

பெரியவர் எழுந்து பால்கனியின் இந்த ஓரம் போனார், அந்த ஓரம் போனார். கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்தார். அவர் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் அறை நகரவில்லை. மலைகளில் சிவப்பு வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவர் வந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“ஊடு நல்லா இருக்குதுங்க,” என்றார். “காத்தோட்டமா இருக்குதுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “யோசிச்சுச் சொல்றமுங்க.”

டீச்சர் தம்ளர்களை எடுக்க ஆரம்பித்தார். இரண்டை எடுத்துவிட்டு மூன்றாவதில் கை நின்றது.

“அந்த மலை எப்படீங்க இருக்கும்? உருவம் சொல்லுங்க.”

பெரியவர் பால்கனிக் கம்பியின் தூசியில் விரலால் கோடு போட்டார். இரண்டு மேடு, மூன்றாவது கொஞ்சம் பெரியது, அதற்குப் பக்கத்தில் பொசுக்கென்று ஒரு சரிவு.

“அட!” என்றார் டீச்சர். “இது நான் துணி காயப்போடறப்பத் தெனமும் பாக்கறதாச்சே! பதினாறு வருசமா! அதுக்குப் பேரெல்லாம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதே!”

சமையலறைக்குப் பின்னால், தென்மேற்கு மூலையில், வாஷிங் மெஷின் வைக்கும் சந்து. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் நிற்க வேண்டுமென்றால் வாளியை வெளியே எடுக்க வேண்டும். டீச்சர் முன்னால் ஓடி, கொடியில் கிடந்த தன் நைட்டியை உருவிக்கொண்டு நைட்டியும் கையுமாக வந்தார். கொடியில் மிச்சமிருந்தது இரட்டைக் கட்டிலுக்கான ஒரு பெட்ஷீட். ராத்திரி துவைத்துப் போட்டது, பிழியாதது, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் குனிந்து அதற்குள் நுழைந்தார். நான் பின்னால் போய்ப் பெட்ஷீட்டின் இரண்டு முனையையும் பிடித்து அவர் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன்.

லிஃப்ட் அறைக்கும் ஒரு தென்னை மரத்துக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி. அதற்குள்ளே, மற்ற எல்லா மலைக்கும் பின்னால், கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு மலை. மற்றவையெல்லாம் வெளுத்துவிட்டன; தூரம் அதிகமென்பதாலோ என்னவோ அதன் உச்சி மட்டும் இன்னும் சிவந்திருந்தது.

பெரியவர் கைகூப்பினார். உதடுகள் அசைந்தன. என் கழுத்தில் கேமரா தொங்கியது. இரண்டு கையிலும் பெட்ஷீட். விட்டால் அவர் தலையில் விழும். முழங்கை வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

கும்பிட்டு முடித்து அவர் திரும்பினார். முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக இருந்தன. துடைப்பத்தையும் வாளியையும் சோப்புத்தூள் டப்பாவையும் பார்த்தார்.

“தெரியறது நல்லாத் தெரியுதுங்க. ஆனா துணி தொவைக்கற எடத்துல நின்னு சாமி கும்படறதுன்னா...”

அவர் மனைவி அதற்குள் மெஷினைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

“ஏனுங், மலையேறுறப்ப வழியெல்லாம் சுத்தமாவா இருந்துச்சு? ஊரே வேர்த்து ஊத்திட்டு ஏறுது. சாமி என்ன மொகத்தத் திருப்பிக்கிச்சா?” சாண் முடிந்து, நிமிர்ந்தார். “இந்த மெசினப் பாத்ரூமுக்குள்ள தள்ளிப் போட்டர்லாம். இங்க ஒரு சேர் போட்டா, காலு நீட்டியே ஒக்காந்துக்கலாம். டீச்சருங்க, இந்தப் பொடக்காலி எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. நம்ம ஊட்டுக்குப் பொறத்தால இருக்கற பொடக்காலி மாதிரியே காத்து வருது.”

பெரியவர் இன்னொருமுறை அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“அந்தத் தென்னை யாருதுங்க?”

“பக்கத்துத் தெரு வீட்டுக்காரருதுங்க,” என்றார் டீச்சர். “இனிமேல் வளராதுங்க. மண்டை காஞ்சுட்டு வருது. நான் பாத்துட்டேதான் இருக்கறேன்.”

“அப்ப நீங்க எப்பீங்க திண்டுக்கல் கெளம்பறாப்புல இருக்கறீங்க?”

எங்கள் பக்கத்தில் அதற்கு ‘சரி’ என்று அர்த்தம். டீச்சர் கையில் சுருட்டி வைத்திருந்த நைட்டியைப் பார்த்தார். பிறகு, “பதினெட்டாந்தேதிக்குள்ள முடிச்சுக் கொடுத்தா நல்லா இருக்குமுங்க,” என்றார்.

“முடிச்சுப்போடலாமுங்க.”

அவர்கள் கூடத்துக்குப் போனார்கள். நான் பெட்ஷீட்டைக் கொடியில் விட்டுவிட்டுக் கேமராவை எடுத்தேன். மலை அதற்குள் சாம்பல் நிறமாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி வானத்தில் கரைந்திருந்தது. உள்ளேயிருந்து டீச்சர் போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் காது மந்தம் போல, கத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா! நான்தான்! வாரேன்! ஆமா, வாரேன்னு சொல்றேன்! அழுவாத, அழுதா இடுப்பு வலிக்கும். கோயில் பக்கத்து வீட்டுச் சாவிய வாங்கி வையி. இல்ல இல்ல, ஏமாத்தியெல்லாம் விக்கல, பாத்துத்தான் வாங்கறாங்க. எதப் பாத்தா? அத நேர்ல சொல்றேன். சொன்னா நம்பமாட்டே.”